வீட்டிலேயே இயற்பியல்: குழந்தைக்கு எதை, எந்த வரிசையில், எப்படிக் காட்டுவது

"விசை என்றால் என்ன?" என்ற கேள்விக்கு இரண்டு வரி விடையை மனப்பாடம் செய்ய வைப்பதில் ஆரம்பிக்கும் இயற்பியல், பல குழந்தைகளுக்கு அந்த இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் நடக்கப் பழகிய நாளிலிருந்தே அந்தக் குழந்தை விசையோடும் உராய்வோடும் புவியீர்ப்போடும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளியில் பாடம் வருவதற்குள் அதன் மனதில் சொந்தமாக ஒரு இயற்பியலே உருவாகியிருக்கும்: கனமானது வேகமாக விழும், இரும்பு குளிர்ச்சியானது, கம்பளி சூடானது, தள்ளுவதை நிறுத்தினால் பொருள் தானாக நின்றுவிடும், காற்று என்பது வெறும் இடம். எல்லாமே அனுபவத்தில் பிறந்தவை, எல்லாமே அரைகுறையானவை. இதற்காகக் குழந்தையைக் குறை சொல்லவே முடியாது. கனமானது வேகமாக விழும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதைப் பெரிய பெரிய அறிஞர்களே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் நம்பியிருக்கிறார்கள்.

ஆகவே நமக்கு இருப்பது ஒரே வேலை. குழந்தையின் மனதில் ஏற்கெனவே இருக்கும் நம்பிக்கையை வாய்விட்டுச் சொல்ல வைத்து, அதற்குப் பதிலைப் பொருளே சொல்லும்படி விட்டுவிடுவது. கீழே வரும் எல்லாச் சோதனைகளும் இதற்காகவே தேர்ந்தெடுத்தவை. "அட, எவ்வளவு அழகு" என்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும் வண்ண நுரை எரிமலைகளை நான் சேர்க்கவில்லை. குழந்தையின் கணிப்பு பொய்க்கும் இடங்களே இங்கே நமக்கு வேண்டும்.

தொடங்கும் முன்

எந்தச் சோதனையாக இருந்தாலும் நான்கு கட்டம்: முதலில் என்ன நடக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேளுங்கள், அப்புறம் செய்யுங்கள், பிறகு பேசுங்கள். முதல் இரண்டைத் தாவிவிட்டு நேராகச் செய்து காட்டினால் அது மேஜிக் ஷோவாகிவிடும், குழந்தை கைதட்டிவிட்டு மறந்துவிடும். தன் வாயால் "இதுதான் நடக்கும்" என்று சொன்ன குழந்தை வேறு மாதிரி பார்க்கும். கணிப்பை ஒரு நோட்டில் எழுதி வைப்பது இன்னும் நல்லது. எழுதத் தெரியாத வயதென்றால் படம் போடட்டும். கணிப்பு தப்பானால் "பாத்தியா, நான் அப்பவே நினைச்சேன்" என்ற ஒரு வார்த்தை நம்மிடமிருந்து வரவே கூடாது. வந்தால் அடுத்த முறை குழந்தை கணிக்காது, நம் முகத்தைப் பார்த்துப் பதிலைத் தேடும்.

வயதைப் பொறுத்து எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு, ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணெதிரிலேயே அகலமான கிண்ணத்துத் தண்ணீரை ஒல்லியான உயரமான டம்ளரில் ஊற்றி எதில் அதிகம் என்று கேட்டால், பெரும்பாலும் டம்ளரைத்தான் காட்டும். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் விரிவாக ஆராய்ந்த விஷயம் இது. அந்த வயதில் வாதாடிப் பயனில்லை, திருப்பித் திருப்பி ஊற்றி விளையாட விட்டாலே போதும். ஏழு வயதுக்கு மேல் காரணம் பேசலாம். ஒன்பது, பத்து வயதில் அளக்கவும் கணக்குப் போடவும் ஆரம்பிக்கலாம்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: சுவர் பிளக்கில் எந்தச் சோதனையும் வேண்டாம். பட்டன் பேட்டரி, குட்டிக் காந்தம், ஊதாத பலூன் மூன்றும் சின்னக் குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது, விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பக்கெட்டில் தண்ணீர் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

முதல் படி: தண்ணீர்

தண்ணீரில் ஆரம்பிப்பதே நல்லது. எந்தக் குழந்தையையும் தண்ணீர் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

ஒரு பக்கெட்டில் முக்கால்வாசி நிரப்பி, வீட்டில் கிடைக்கும் பத்துப் பதினைந்து பொருட்களைப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, மிதக்குமா மூழ்குமா என்று சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் "கனமா இருந்தா மூழ்கும்" என்று ஒரு விதியைக் குழந்தையே சொல்லும். இங்கேதான் ஒரு அரிசியைக் கொடுக்க வேண்டும். அரிசி மூழ்கும். ஒரு முழுப் பூசணிக்காயோ தர்பூசணியோ இருந்தால் பெரிய தொட்டியில் விடுங்கள், மிதக்கும். விதி உடைந்துவிட்டது, இனி வேறு விதி தேட வேண்டும்.

அடுத்து ஆரஞ்சுப் பழம். தோலோடு போட்டால் மிதக்கும். தோலை உரித்துவிட்டுப் போட்டால் எடை குறைந்துதானே இருக்கிறது, இன்னும் நன்றாக மிதக்க வேண்டுமே? மூழ்கிவிடும். பஞ்சு மாதிரி இருக்கும் அந்தத் தோலுக்குள் காற்று இருக்கிறது, லைஃப் ஜாக்கெட் செய்யும் அதே வேலையை அது செய்கிறது. பிறகு களிமண்ணை உருண்டையாகப் போடுங்கள், மூழ்கும். அதே களிமண்ணைக் கிண்ணமாக வழித்து விடுங்கள், மிதக்கும். எடை மாறவில்லை, அது அடைக்கும் இடம் மாறியிருக்கிறது. பத்து வயதுக்காரர்களிடம் யாருடைய கிண்ணம் அதிக நாணயம் தாங்குகிறது என்று போட்டி வைத்தால் அரை மணி நேரம் தானாக ஓடும்.

கடைசியாக முட்டை. நல்ல தண்ணீரில் புது முட்டை அடியில் கிடக்கும். உப்பை ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டு மெதுவாகக் கலக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் எழும்பும். இதை நம் விவசாயிகள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: முட்டை மிதந்து அதன் மேல்பக்கம் நாலணா அளவுக்கு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைத்து, அதில் விதை நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வரும், நல்ல விதை அடியில் தங்கும். தங்கிய விதையை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் விதைப்பார்கள். தாத்தா பாட்டி ஊரில் வயல் இருந்தால் அவர்களையே இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அடர்த்தி என்ற சொல்லை இதற்கப்புறம் சொன்னால் போதும், அது எதைக் குறிக்கிறது என்று குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இரண்டாம் படி: விழுவது

ஐந்து நாணயங்களை அடுக்கி டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். இன்னொரு ஒற்றை நாணயம். இரண்டையும் மேசை விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரு நீள ஸ்கேலால் ஒரே நேரத்தில் தள்ளிவிட வேண்டும், கையால் விட்டால் ஏதாவது ஒன்று முந்திவிடும். கீழே ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். எது முதலில் விழும்? கணிப்பைச் சொன்ன பிறகு, கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்கச் சொல்லுங்கள். "டக்" என்று ஒரே சத்தம் கேட்டதா, "டக்-டக்" என்று இரண்டு கேட்டதா? மேசை உயரத்திலிருந்து விழ அரை நொடிகூட ஆகாது, அந்த வேகத்தில் கண் ஏமாறும், காது அவ்வளவு சீக்கிரம் ஏமாறாது.

உடனே "அப்ப பேப்பர் மட்டும் ஏன் மெதுவா விழுது?" என்று கேள்வி வரும். வராவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும், அதைவிடச் சிறியதாக வெட்டிய ஒரு தாளும் எடுத்துத் தனித்தனியாக விடுங்கள், தாள் ஆடி ஆடி வரும். இப்போது தாளை நோட்டின் மேலேயே வைத்து விடுங்கள். இரண்டும் சேர்ந்தே விழும், ஏனென்றால் காற்றை நோட்டு கீழே தாங்கிக்கொண்டுவிட்டது. தாளைக் கசக்கி உருட்டியும் விட்டுப் பார்க்கலாம். எடை அதேதான், வேகம் கூடிவிடும்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு மட்டும், 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறு இறகையும் ஒன்றாக விட்ட வீடியோவைக் காட்டுங்கள். காற்றே இல்லாத இடம், இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். முன்னாலேயே காட்டிவிட்டால் அது வெறும் வீடியோவாகப் போய்விடும்.

மூன்றாம் படி: காற்று ஒரு பொருள்தான்

ஈரமில்லாத டம்ளரின் அடியில் ஒரு தாளைக் கசக்கித் திணித்து, கவிழ்த்தபடியே நேராகத் தண்ணீருக்குள் அமுக்குங்கள். வெளியே எடுத்தால் தாள் நனைந்திருக்காது, உள்ளே இடம் பிடித்திருக்கும் காற்று தண்ணீரை விடவில்லை. டம்ளரைக் கொஞ்சம் சாய்த்தால் குமிழி வெளியே வரும், தாள் நனையும்.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கம் ஊசியால் சின்ன ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி மூடியைத் திருகுங்கள். தண்ணீர் வராது. மூடியைத் திறந்தால் பீய்ச்சும், மூடினால் நிற்கும். குழந்தைகள் இதை விடவே மாட்டார்கள், பாத்ரூமில் வைத்துச் செய்யுங்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை வைத்ததுபோல அழுத்திக்கொண்டிருக்கிறது, எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையை நீட்டி அதன் மேல் எத்தனை கிலோ என்று கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, டம்ளரால் மூடினால் தண்ணீர் உள்ளே ஏறும் என்ற சோதனையை எல்லோரும் செய்கிறார்கள், "ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது" என்று விளக்கமும் சொல்கிறார்கள். அது சரியான விளக்கம் இல்லை. சுடரின் சூட்டில் காற்று விரிகிறது, சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக் காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது, முக்கியக் காரணம் இதுதான். கவனித்துப் பாருங்கள், சுடர் எரியும் நேரம் முழுக்கச் சீராக ஏறாமல், அணைந்த கையோடுதான் தண்ணீர் சட்டென்று ஏறும். செய்வதானால் இந்த விளக்கத்தோடு செய்யுங்கள்.

நான்காம் படி: ஊசல், முதல் அளவீடு

இதுவரை கண்ணால் பார்த்தோம், இனி எண். நூலில் ஒரு சின்னப் பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கட்டிய இடத்திலிருந்து பூட்டின் நடுப்பகுதிவரை 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். லேசாக இழுத்து விட்டு, போய்த் திரும்பி வருவதை ஒன்று என்று கணக்கு வைத்து, பத்து முறைக்கு எவ்வளவு நேரம் என்று போன் ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். ஏறத்தாழ 10 நொடி வரும். ஒரே ஒரு ஆட்டத்தை அளந்தால் பட்டனை அழுத்தும் தாமதமே பெரிய பிழையாகிவிடும், அதனால்தான் பத்து. இந்தக் காரணத்தைக் குழந்தைக்கும் சொல்லுங்கள், அளவீடு என்றால் என்ன என்பதன் பாதி இதில் இருக்கிறது.

இன்னும் கனமான பூட்டைக் கட்டினால்? வேகமாக ஆடும் என்றுதான் எல்லாக் குழந்தைகளும் சொல்லும். மாறாது. இன்னும் கொஞ்சம் அகலமாக இழுத்து விட்டால்? ஏறக்குறைய மாறாது. சரி, எதுதான் மாற்றும்? நூலை ஒரு மீட்டர் ஆக்கினால் பத்து ஆட்டத்துக்கு ஏறத்தாழ 20 நொடி. நீளம் நான்கு மடங்கு, நேரம் இரண்டே மடங்கு. வர்க்கமூலம் படித்த பிள்ளை என்றால் சற்று நேரம் சும்மா இருங்கள், அதுவே கண்டுபிடிக்கட்டும்.

ஐந்தாம் படி: சூடும் குளிரும்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சிறந்தது இதுதான், செலவும் கிடையாது.

காலையிலிருந்து அடுப்பில் வைக்காத இரும்பு தோசைக்கல், மரத்தில் செய்த சப்பாத்திப் பலகை, இரண்டையும் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் வைத்திருங்கள். குழந்தையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கல் ஜில்லென்று இருக்கும், பலகை அப்படி இருக்காது. இப்போது ஒரே அளவில் இரண்டு ஐஸ் கட்டி, ஒன்று கல்லில், ஒன்று பலகையில். எது முதலில் உருகும்?

என் மகன் யோசிக்கவே இல்லை. "பலகைலதான்மா. கல்லு ஏற்கெனவே ஜில்லுனு இருக்கே, அது ஐஸை உருக விடாது." நியாயமான வாதம்தான். ஐஸை வைத்ததும் கல்லில் வைத்தது கண்ணெதிரிலேயே கரைந்து அடியில் குளம் கட்ட ஆரம்பித்தது, பலகையில் வைத்தது அப்படியே உட்கார்ந்திருந்தது. "இந்த ஐஸ் சின்னது, அதான்" என்றான். சரி, மாற்றி வைத்துப் பார்ப்போம் என்றேன். புதிதாக இரண்டு எடுத்தோம், பெரியது எது என்று அவனே தேர்ந்தெடுத்துக் கல்லில் வைத்தான். அப்போதும் கல்தான் ஜெயித்தது. அதற்குப் பிறகு அவன் கேட்டது: "அப்ப கல்லு சூடாவா இருக்கு?"

அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டும். கல்லும் பலகையும் அறையின் அதே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. நம் தோல் அறையைவிடச் சூடு. இரும்பு வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் கையின் சூட்டைச் சடசடவென்று உறிஞ்சுகிறது, ஜில்லென்று தெரிகிறது. அதே காரணத்தால் தன் சூட்டை ஐஸுக்கும் வேகமாகக் கொடுக்கிறது, ஐஸ் உருகுகிறது. நம் கை வெப்பநிலையை அளப்பதில்லை, எவ்வளவு வேகமாகச் சூடு போகிறது அல்லது வருகிறது என்பதைத்தான் உணர்கிறது. இதை மார்கழிக் காலையில் செய்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மே மாத மதியத்தில் அறையே தோலின் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் இரும்பு அவ்வளவாக ஜில்லிடாது, ஏன் என்று அப்போது திரும்பவும் கேட்கலாம்.

தொடர்ச்சியாக, ஒரு ஐஸ் கட்டியைக் கம்பளிக்குள் சுற்றி வையுங்கள், இன்னொன்றைச் சும்மா விடுங்கள். "கம்பளி சூடு" என்று நம்பும் குழந்தை, சுற்றியதுதான் சீக்கிரம் உருகும் என்று சொல்லும். அதுதான் தாமதமாக உருகும். ஐஸ் பாளத்தை மரத்தூளில் போட்டு வைப்பது இதனால்தான்.

ஆறாம் படி: அசைவு

கேரம் போர்டு போதும். நான்கைந்து காய்களை அடுக்கி, ஸ்ட்ரைக்கரால் அடிக்காயை வேகமாக அடியுங்கள். அடிக்காய் மட்டும் பறக்கும், மேலே இருப்பவை அதே இடத்தில் இறங்கி உட்காரும். மெதுவாக அடித்தால் அடுக்கு சரியும், அதையும் செய்து பார்க்கட்டும். பிறகு பவுடர் போடாமல் ஸ்ட்ரைக்கரைத் தள்ளுங்கள், பவுடர் போட்டு அதே மாதிரி தள்ளுங்கள். உராய்வு குறையக் குறையத் தூரம் கூடுகிறது. "உராய்வே இல்லை, பக்கச் சுவரும் இல்லைன்னா எங்க போய் நிக்கும்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். "நிக்கவே நிக்காது" என்று குழந்தை தானே சொன்னால் நியூட்டனின் முதல் விதி வந்துவிட்டது. 1977-ல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் பின்னால் எந்த இன்ஜினும் தள்ளாமல் இன்னும் நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்பதை அப்போது சொல்லுங்கள்.

நெம்புகோலுக்குப் பாக்குவெட்டியும் பூங்காவில் உள்ள சீசாவும் போதும், நிறைய பேச வேண்டியதில்லை.

ஏழாம் படி: ஒலி

ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி பாட்டில். ஒன்றில் கொஞ்சம் தண்ணீர், இன்னொன்றில் நிறைய. ஸ்பூனால் தட்டினால் நிறையத் தண்ணீர் உள்ளது தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். இப்போது வாயில் உதட்டை வைத்து ஊதுங்கள், நிறையத் தண்ணீர் உள்ளது உயர்ந்த சுருதி தரும். அப்படியே தலைகீழ். தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் தண்ணீரும், ஊதும்போது அதிர்வது மேலே மிச்சமிருக்கும் காற்று. விளக்கத்தைச் சொல்ல அவசரப்படாதீர்கள், இதற்கு ஒரு நாள் முழுக்க யோசிக்க விட்டாலும் தகும்.

மிருதங்கம் கற்கும் குழந்தை வீட்டில் இருந்தால் வலந்தலையின் (வலது பக்கத் தோலின்) நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சு எதற்கு என்று கேளுங்கள். சாதாரண டிரம்மில் வராத, சுருதியோடு இணையும் ஒலிகள் அந்தப் பூச்சின் எடையால் வருகின்றன, இதை ஆராய்ந்து 1920-ல் எழுதியவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். மழை நாளில் இன்னொன்று: மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி இடி கேட்கும்வரை எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். எண்ணுவது வீட்டுக்குள் இருந்துதான்.

எட்டாம் படி: நிழல், மாதக்கணக்கில் ஓடும் வேலை

இதற்கு மொட்டைமாடியில் செங்குத்தாக நிற்கும் ஒரு குச்சியும் சாக்பீஸும் வேண்டும். பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டே முக்கால்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறியுங்கள். மிகக் குட்டையான நிழல் சரியாகப் பன்னிரண்டுக்கு விழாது. நம் கடிகாரம் நம்மைவிடக் கிழக்கே, 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டை வைத்து ஓடுகிறது, அதனால் வருடத்தின் பெரும்பாலான நாட்களில் தமிழ்நாட்டில் உச்சிவேளை பன்னிரண்டைத் தாண்டித்தான் வரும், சென்னையைவிடக் கோயம்புத்தூரில் இன்னும் தாமதமாக வரும்.

மாதம் ஒருமுறை குறித்து வந்தால் உச்சிவேளை நிழல் சுருங்குவதும் நீள்வதும் தெரியும். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் குச்சிக்கு நிழலே இருக்காது, சூரியன் நேர் உச்சியில் இருக்கும். தெற்கே போகப் போக முதல் தேதி முன்னாலும் இரண்டாவது பின்னாலும் நகரும், கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடும். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் உச்சிவேளை நிழல் வடக்கே விழாமல் தெற்கே விழும். இதைக் குழந்தையிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், மே மாதக் கோட்டைப் போட்டுவிட்டு "இது ஏன் இந்தப் பக்கம் வந்துச்சு?" என்று அதுவே வந்து கேட்கும்.